மாப்ள மரம் ஏறப் போறாராம்!

வா மாப்ள, இந்தக் கட்டில்லயே ஒக்காரு. திண்ணையில ஏற வேணாம், உனக்கு முட்டி வலின்னு உங்க அக்கா சொன்னா. திண்ணை ஏறவே அம்மா அய்யாங்குற ஆளு, ரிட்டயர் ஆன கையோட மரம் ஏறப் பழகப் போறேன்னு சொல்லியிருக்க. வரதராஜன்பேட்டை தாண்டி ஆண்டிமடம் வரைக்கும் சேதி போயிடுச்சு. நேத்து ராத்திரி பூரா உங்க அக்கா செபமாலைய உருட்டிக்கிட்டு கெடந்தா. நான்தான் தேத்துனேன், “பயப்படாத, ஏறுனாத்தானே விழுவான்”னு.

மூஞ்சியத் தூக்காத. நான் வேணாம்னு சொல்லல. முடவன் கொம்புத்தேனுக்கு ஆசப்பட்ட கதையான்னு டீக்கடையில உன்னக் கேலி பண்றாங்க. என் பேத்தி செல்போன்ல ஒண்ணு காட்டுனா, அதுலேந்து அந்தச் சொலவத்தத் தூக்கிப் பரண்ல போட்டுட்டேன். ஜப்பான்ல தோஷிகோ ஹிகோசாகான்னு ஒரு அம்மா, காலு ரெண்டும் நடக்க வராது, சக்கர நாற்காலிதான். ஜான் கேத்ரைட்டுன்னு ஒருத்தர் பழக்கிவிட, அந்தம்மா கலிபோர்னியா போயி, 200 அடிக்கு மேல நிக்கிற செக்கோயா மரத்துல கயித்தப் புடிச்சே ஏறிடுச்சு. இது நடந்து இருபது வருசம் தாண்டிப் போச்சு. உனக்கு ரெண்டு காலும் இருக்கு, தொப்பை ஒண்ணுதான் குறுக்க நிக்குது.

ஆனா மரத்தக் கட்டிப்புடிச்சு ஏறப் பாக்காத. பனையேறி காலுல தளையப் போட்டு, நெஞ்சு தேய ஏறுவாரு. அது சின்ன வயசுலேந்து காய்ச்சுப் போன உடம்பு. இது வேற வித்தை. மணல் அடச்ச சின்னப் பையில மெல்லிசுக் கயித்தக் கட்டி, நல்ல கெளைக்கு மேல வீசணும். பை அந்தப் பக்கம் எறங்குனதும் அதுலயே கனத்த கயித்தக் கட்டி இழுத்துக்கணும். கயிறு இப்ப ரெண்டு பக்கமும் தொங்குதா? ஒரு முனைய இடுப்புப் பட்டையில மாட்டு. மறுபக்கத்துல ஒரு முடிச்சு. பாரம் இல்லாதப்ப வழுக்கும், பாரம் விழுந்தா கவ்விக்கும். புரூசிக்குன்னு ஒரு ஆஸ்திரியாக்காரர் 1931-லயே அப்படி ஒரு முடிச்சச் சொல்லி வச்சிட்டுப் போயிட்டாரு. காலுக்கு ஒரு வளையம் போட்டுக்க. ஒரு மிதி மிதி, முடிச்ச ஒரு சாண் மேல தள்ளு, ஒக்காரு, மூச்சு வாங்கு. திரும்ப மிதி. ஒக்காந்துக்கிட்டே மேல போற வேலை மாப்ள, ஆபீஸ்ல முப்பது வருசமா நீ பண்ணுனதுதான்.

இதுக்குன்னு அமெரிக்காவுல, அட்லாண்டாவுல, பீட்டர் ஜென்கின்ஸ்னு ஒருத்தர் 1983-ல பள்ளிக்கூடமே தொறந்துட்டாரு. வெட்டவும் இல்ல, பறிக்கவும் இல்ல, சும்மா ஏறி சும்மா எறங்க! நாம அப்படி ஏறுனப்ப எங்கப்பா புளிய மிளாறாலதான் பாடம் சொல்லிக் குடுத்தாரு.

மெஷின் இருக்கேங்குறியா? இருக்கு. கேரளாவுல செம்பேரி ஜோசப்பு தென்னைக்குன்னு ஒரு கருவி செஞ்சாரு. ரெண்டு இரும்புச் சட்டம், மரத்தச் சுத்திக் கம்பி வடம், மாத்தி மாத்தி மிதிச்சா படிக்கட்டுல போற மாதிரி போயிடலாம். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல பயிற்சி ஆரம்பிச்சதுலேந்து பொண்ணுங்களும் அதுல ஏறிப் பழகிட்டாங்க. மங்களூர்ப் பக்கம் கணபதி பட்டுன்னு ஒரு விவசாயி, பாக்கு மரத்துல ஏற பெட்ரோல் வண்டியே செஞ்சுட்டாரு. அது உனக்கு வேணாம். நீ ரோட்டுலயே ஸ்கூட்டர நேரா ஓட்ட மாட்ட.

எந்த மரம்னு கேளு. நம்ம ஊருல எந்தப் பக்கம் திரும்புனாலும் முந்திரி. அதுல ஏறாத. கெளை தரையத் தொடும், ஏறுனன்னு ஒருத்தனும் ஒத்துக்க மாட்டான். பழம் தானா விழுற மரத்துக்கு எதுக்கு ஏணி? கொம்பும் வெடுக்குன்னு ஒடியும். முசுறு நாலு கடிச்சா முடிச்சாவது கயிறாவது, வேட்டிய அவுத்து ஒதறிடுவ. முருங்கை வேதாளத்துக்கு மட்டும்தான் தாங்கும். புளிதான் மாப்ள, அதான் வளைஞ்சு குடுக்கும், ஒடியாது. அதுலயும் ரோட்டோரப் புளின்னா ஏலம் எடுத்தவன் சண்டைக்கு வருவான். எங்க கொல்லையில ஒண்ணு நிக்குது பாத்திருக்கல்ல? மொத கவை கைக்கு எட்டும். நல்ல நெழலு. யோசிச்சுப் பாரு.

உனக்குச் சக்கரை வேற. பாதம் மரத்துப் போயிட்டா மிதிச்சது கொம்பா காத்தான்னு தெரியாது. பாரத்தக் காலுல நம்பாத, இடுப்புப் பட்டையில விடு. அதுக்குன்னு அசையாமத் தொங்கக் கூடாது, ரத்தம் காலுலயே தங்கி மயக்கம் வந்துடும். மொதல்ல டாக்டர்கிட்டக் காட்டிட்டு வா. கயித்து வேலை தெரிஞ்ச ஆளு ஒருத்தன் கீழ நிக்கட்டும். தலைக்கு ஹெல்மெட் போடு. உள்ள ஒண்ணும் இல்லன்னாலும் வெளிய இருக்க நாலு முடியாவது மிஞ்சும்.

கோயில்ல சக்கேயு கதை கேட்டிருப்பியே? குள்ள மனுசன், கூட்டத்துல ஆண்டவர் தெரியலன்னு அத்தி மரத்துல ஏறிக்கிட்டாரு. வரி வசூல் தலைவர், உன் டிப்பார்ட்மெண்டுதான். மரத்தடிக்கு வந்த ஆண்டவர் இன்னும் மேல போன்னா சொன்னாரு? சீக்கிரம் எறங்கி வாய்யான்னுதான் சொன்னாரு. ஒரு மாசத்துக்கு ஆள் உசரத்துக்கு மேல போகாத. எறங்கிப் பழகு. முடிச்ச மெல்லக் கீழ அழுத்துனா கயிறு வழுக்கி எறக்கும். பதறிப்போயி அதையே இறுக்கிப் புடிச்ச, நிக்காது, இன்னும் வேகமா எறக்கும். பயம் வந்தா கைய விட்டுடணும், முடிச்சு தானாக் கவ்விக்கும். புடிச்சத விட்டுப் பழக்கமில்லாத உனக்கு அதுதான் கஷ்டம்.

மாசிக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு, அதுக்குள்ள தேறிடுவ. இப்பல்லாம் உலுக்குற ஆளு கூலியும் கேக்குறான், பாதிப் புளியும் கேக்குறான். சும்மா ஏறி சும்மா எறங்குறதுக்கு, ஏறுன கையோட நாலு கொம்ப உலுக்கிட்டு வந்தா அந்தக் கயித்துக் காசுக்கும் ஒரு நியாயம் ஆச்சு. கூலியா? அக்கா வீட்டு மரத்துக்கா? சரி, எழுந்திரிக்காத. கொட்டை எடுக்காத புளி ரெண்டு கிலோ. கொட்டைய நீயே எடுத்துக்க, ரிட்டயர் ஆன ஆளுக்கு அதுவும் ஒரு பொழுதுபோக்கு.