நிரந்தரம் வாழ்க!

ஐபிஎம் நிறுவனத்தின் ஏஎஸ்/400 கணினி 1988இல் பிறந்தது. அதன் வாரிசுகளிடம் ஓர் அருங்குணம் உண்டு: காந்த நாடாவில் கணக்கைச் சேமிக்கும்போது காலாவதித் தேதி சொல்லாவிட்டால், ‘நிரந்தரம்’ என்று தாமாகவே எடுத்துக்கொள்ளும்.

நம் அலுவலகங்களுக்கென்றே செய்த ஏற்பாடு! தேதி போட்டால் பொறுப்பு வரும், ஆடிட்டர் கேட்பார். நிரந்தரம் என்றால் கேள்வியே இல்லை. செவ்வாய்க்கிழமை கேன்டீன் டோக்கன் கணக்குகூடச் சூரிய சந்திரர் உள்ளவரை பத்திரம்.

நாசா சிக்கனம் பார்த்தது. அப்போலோ 11 அனுப்பிய நிலவுக் காட்சிகளின் மூல நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்திவிட்டதாக 2009இல் கைவிரித்தது. நாம் அப்படியா? இரவுக்கு ஒரு புது நாடா, வருஷத்துக்கு 365. அடுக்க இடமில்லையென்றால் அரசு புதுச்சேரி வில்லியனூரை அடுத்த ஒதியம்பட்டில் ஒரு கிடங்கு கட்டட்டும். அதே புதுச்சேரியின் பாகூருக்கு ஒன்பதாம் நூற்றாண்டுச் செப்பேடுகள் பெருமை சேர்க்கின்றன. வில்லியனூர்ப் பக்கத்துக்கும் ஏதாவது வேண்டாமா?

ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று. நாடாவைப் படிக்கும் கருவிக்கு யாரும் ‘நிரந்தரம்’ போடவில்லை. பழையது ஆயுத பூஜைச் சுத்தத்தில் காயலான் கடைக்குப் போனது. புதிதாக வாங்கிய எல்டிஓ-8 கருவியோ நம்முடைய பழைய எல்டிஓ-6 நாடாவைப் படிக்காது.

அதனாலென்ன? இனி எவராலும் அந்தக் கணக்குகளைத் திருட முடியாது. பாதுகாப்புத் தணிக்கையில் முழு மதிப்பெண். பாவம், பாகூர்ச் செப்பேடுகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. பழைய எழுத்துத் தெரிந்த எவரும் படித்துவிடலாம்.