சீஸ்பர்கர் சூப் சார்

திருச்சியில் அரியமங்கலம், காட்டூர், திருவெறும்பூர் பக்கம் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருப்பார். பெல் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். மகனோ மகளோ அமெரிக்காவில். விசிட்டர் விசாவில் போய், ஆறு மாதம் பேரனைக் கொஞ்சிவிட்டுத் திரும்பியவர். போய்வருகிற எல்லோரும் பாதாமும் சாக்லெட்டும் வைட்டமின் டப்பாவும் கொண்டுவருவார்கள். நம்மவர் கொண்டுவந்தது ஒரு சூப். சீஸ்பர்கர் சூப்.

“பர்கரைக் கரைச்சுக் குடிக்கிறதா சார்?” என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், பாடம் ஆரம்பமாகிவிடும். பர்கருக்குள் இருக்கிற கொத்துக்கறி, வெங்காயம், சீஸ் எல்லாம் உருளைக்கிழங்கு, கேரட்டோடு சேர்ந்து, பாலும் மைதாவும் கலந்த கெட்டிக் குழம்பில் மிதக்கும். மினசோட்டாவில் சுழியத்துக்குக் கீழே இருபது டிகிரி குளிரில், ஒரு கிண்ணம் உள்ளே போனால் ராத்திரி வரை பசிக்காது. அதையே இவர் அரியமங்கலத்தில் செய்வது கத்திரி வெயிலில், நாற்பது டிகிரியில். காற்றில் அடுப்பு அலையும் என்று ஃபேனையும் நிறுத்திவிடுவார்.

சமையலுக்கு முன்னால் சரித்திரம் உண்டு. “டென்வர்ல லூயிஸ் பாலாஸ்ட்னு ஒருத்தர், 1935-லயே சீஸ்பர்கர்ங்கற பேருக்கு உரிமை கேட்டாரு. பாசடீனாக்காரன் விடுவானா? 1920-கள்லயே எங்க ஊர்ல போட்டாச்சுங்கறான்.” இவ்வளவு நுணுக்கமாகச் சொல்பவரிடம், அந்த சூப்பில் என்ன கறி போட்டார்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது. சட்டென்று காது மந்தமாகிவிடும். “அங்கெல்லாம் அரைச்சு பாக்கெட்லதான் விக்கிறான்” என்று சொல்லி, பேச்சைச் சீஸுக்குத் திருப்பிவிடுவார்.

சமையல் குறிப்பை அவர் மற்றவர்கள் போல எழுதிக்கொள்வதில்லை. கிராஃப் தாளில் கட்டம் போட்டு மெட்டீரியல், பிராசஸ், இன்ஸ்பெக்‌ஷன் என்று மூன்று பத்தி பிரித்திருப்பார். 1965-லிருந்து அனல்மின் நிலையங்களுக்குக் கொதிகலன் செய்து அனுப்புகிற தொழிற்சாலையில் பழகிய கை அல்லவா? வீட்டு அம்மா குக்கரை எடுத்தால் தடுத்துவிடுவார். “பிரஷர் வேணாம்மா. இது ஓப்பன் வெசல் ஜாப்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் இன்ஸ்பெக்‌ஷன் கறிக்கடையில். “பாய், அரைக் கிலோ கைமா. கொழுப்பு கரெக்டா இருபது பர்சென்ட் இருக்கணும்.”

பாய் கத்தியைக் கட்டையில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். “அதை ஆடுதான் சார் சொல்லணும். வாங்கிட்டுப் போங்க, நல்லாருக்கும்.”

அடுத்தது செலரித் தண்டு. காந்தி மார்க்கெட்டில் கடை கடையாக விசாரித்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவார். அம்மா ஒன்றும் பேசாமல் வாழைத்தண்டை நாரெடுத்துப் பொடியாக நறுக்கி மோரில் போட்டு வைத்திருப்பார். வாழைக்கென்றே 1993-ல் தேசிய ஆராய்ச்சி மையம் வந்த ஊரில் தண்டுக்கா பஞ்சம்? நம்மவர் ஒரு துண்டைக் கடித்துப் பார்ப்பார். நறுக்கென்று இருக்கும். பேனாவை எடுத்து, செலரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் ‘ஆல்டர்நேட் மெட்டீரியல் – ஓகே’ என்று எழுதிக் கையெழுத்தும் போடுவார்.

காய்ந்த பேசில் இலைதான் வீட்டில் கலகம் மூட்டியது. பேசிலும் துளசியும் ஒரே குடும்பம் என்று எங்கோ படித்தவர், கத்தரிக்கோலோடு கொல்லைப்பக்கம் நகர்ந்தார்.

“என்னங்க, எங்க போறீங்க?”

“ரெண்டே ரெண்டு இலைம்மா. பொட்டானிகலா பார்த்தா...”

“ஆட்டுக்கறியில துளசியா? மாடத்துகிட்ட போனீங்கன்னா, இந்த வீட்டுல இனிமே சூப்பும் கிடையாது, சோறும் கிடையாது.”

பேசிலும் அடிபட்டது. கொத்தமல்லிக்கு ஓகே.

இனி அடுப்பு. கைமாவை நிறம் மாறும்வரை வதக்கி எடுத்து வைத்துவிட்டு, அதே பாத்திரத்தில் வெங்காயம், கேரட், தண்டு. பிறகு எலும்பு வேகவைத்த தண்ணீரும் உருளைக்கிழங்கும். இதுவரை அம்மா வாய் திறக்க மாட்டார். இதெல்லாம் அவருக்குத் தெரிந்த வேலைதான். தனி வாணலியில் வெண்ணெயை உருக்கி மைதாவைக் கொட்டும்போதுதான் எட்டிப் பார்ப்பார். பச்சை வாசனை போக வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளற வேண்டும். நம்மவர் கண்ணாடியைத் துடைக்கிற நேரத்தில் பால் மொத்தமாக விழுந்துவிடும்; உடனே கட்டி கட்டியாகத் திரளும்.

“எலெக்‌ஷன் போஸ்டர் ஒட்டுற பசை மாதிரி இருக்கு” என்பார் அம்மா. சொல்லிக்கொண்டே மத்தை எடுத்து நாலு சுற்றுச் சுற்றிக் கட்டியை உடைத்துவிடுவார்.

கடைசியில் சீஸ். இங்கே மட்டும் நம்மவர் சொல்வதில் உண்மையான சரக்கு உண்டு. முற்றிய செடார் சீஸைக் கொதிக்கிற சூப்பில் போட்டால் கொழுப்பு பிரிந்து எண்ணெயாக மேலே வரும். மிச்சம் திரித்திரியாகக் கீழே நிற்கும். அதற்குத்தான் புராசஸ் சீஸ். கிராஃப்ட் என்பவர் 1916-ல் காப்புரிமை வாங்கிய சங்கதி. இன்று அதில் சோடியம் சிட்ரேட் போன்ற உப்பைச் சேர்ப்பதால், கொழுப்பும் புரதமும் பிரியாமல் வழவழவென்று உருகும். நம்ம ஊர் அமுல் கட்டியும் அதே ரகம். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போட வேண்டும். கெட்டித் தயிரும் அப்போதுதான்.

“பன்னீர் கிடக்கே, அதைப் போட்டா ஆகாதா?”

“ஆகாதும்மா. அது புளிப்பு ஊத்தித் திரிச்சது. நாள் பூரா கொதிச்சாலும் உருகாது.”

அம்மா தலையாட்டுவார். சீஸ் உருகுவதை மினசோட்டாவுக்கு அனுப்ப அவர் செல்போனைத் தேடிப் போன இடைவெளியில், இடித்த மிளகு சீரகம் ஒரு கரண்டி, கீறின பச்சை மிளகாய் நாலு, கையளவு கறிவேப்பிலை எல்லாம் பாத்திரத்துக்குள் இறங்கிவிடும். சூப்பின் மேல் நறுக்கிப் போட உப்புநீரில் ஊறிய வெள்ளரிக்காய் வேண்டும் என்று தாளில் இருக்கிறது. ஜாடியிலிருந்து மாவடு வரும். அதற்கும் ஓகே.

வீடியோ காலில் மகள் பார்ப்பாள். “என்னப்பா, சால்னாவா?”

“அசல் மினசோட்டா டேஸ்ட்!” என்று கிண்ணத்தை கேமரா பக்கம் சாய்ப்பார். நெற்றி வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இரண்டாவது கிண்ணமும் காலியாகும். மிச்சம் இருப்பதை இரவு இடியாப்பத்துக்கு ஊற்றிக்கொள்வார்கள். அதிலும் ஒரு சொட்டு மிஞ்சாது.

போன மாதம் பக்கத்துத் தெருக்காரர் டொராண்டோவிலிருந்து திரும்பினார். கொண்டுவந்தது பரங்கிக்காய் பை. கிரீமுக்குப் பதில் தேங்காய்ப்பால், பட்டைப்பொடியோடு கொஞ்சம் சுக்கும் ஏலக்காயும். நம்மவருக்கும் அழைப்பு. ஒரு துண்டு வாயில் போட்டு, கண்ணை மூடி, மெதுவாக மென்று, கடைசியில் தீர்ப்பு சொன்னார்: “நல்லாத்தான் இருக்கு சார். ஆனா நம்ம ஊர் சாமானெல்லாம் போட்டு ஒரிஜினலைக் கெடுத்துட்டீங்களே!”

அம்மா இன்னொரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டார்.