ஐஸ் பெட்டியில ஆரம்பி பேரப்பிள்ள

ஏ பேரப்பிள்ள, இங்க வா. திண்ணையில இரி. பங்குப் பேரவைக்குச் செயலாளர் ஆயிட்டியாமே! கையில என்ன, நோட்டீசா? ‘அண்டைப் பங்குகளின் ஒருங்கிணைந்த நம்பிக்கைச் சமூக ஆலோசனைக் கூட்டம்.’ அடேயப்பா, இத ஒரே மூச்சுல வாசிக்கவே ரெண்டு பங்கும் சேரணும் போலிருக்கே.

சரி, ரெண்டு சாமியார் படமும் பக்கத்துல பக்கத்துல போட்டிருக்க. வலது பக்கம் யாரு, இடது பக்கம் யாரு? வலப்பக்கம் செம்மறியாடு, இடப்பக்கம் வெள்ளாடுன்னு பைபிள்ல வேற எழுதி வச்சிருக்கு. பக்கத்துப் பங்கு மேலூர்க்காரன் முதல்ல அதத்தான் பாப்பான்.

நான் இருபத்தெட்டு வருசம் உபதேசியாரா இருந்தவன். நமக்குக் கிளைப்பங்கா இருந்த ஊருதான மேலூரு? தனிப்பங்கு கேட்டு அவிய ஆயருக்குப் போட்ட மனுவ எழுதிக் குடுத்தவனே நான்தான். ‘பூசைக்கு வரத் தூரம்’னு காரணம் போட்டோம். ரெண்டு கிலோமீட்டர். அது எந்தத் தூரம்னு அவியளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். வாசிச்ச ஆயருக்கு மட்டும் தெரியாமலா இருந்திருக்கும்? வடக்கன்குளத்துல 1872ல ஒரே பீடம், ரெண்டு காலுன்னு கோயிலக் கட்டி, காலுக்கு ஒரு பக்கமா சாதி பிரிச்சு நிக்க வச்சாவ. கால்சட்டைக் கோயில்னே அதுக்குப் பேரு. 1910ல கௌசானல் சாமி நடுத்தடுப்ப எடுத்தாரு. தடுப்பு வேணும்னவிய கோர்ட்டு வரைக்கும் போயிப் பாத்தாவ, எடுத்த தடுப்பு திரும்பல. அங்க இடிக்கதுக்கு ஒரு தடுப்பாவது இருந்துச்சு. நமக்கு நடுவுல இருக்கது தார் ரோடு, அத இடிச்சா வள்ளியூர் பஸ்சு வராது.

சட்டம் உன் பக்கந்தான், பயப்படாத. 1983 திருச்சபைச் சட்டத்துல 374ஆம் பிரிவு, பக்கத்துப் பங்குகள மறைவட்டமாச் சேத்துக் கூட்டா மேய்ப்புப் பணி செய்யலாம்னு சொல்லுது. 515, பங்குன்னா விசுவாசிகளோட சமூகம்னு சொல்லுது. கோபுரத்தோட உயரத்தப் பத்தி ஒண்ணும் இல்ல. ஆனா 536, 537 ரெண்டையும் சேத்து வாசி. பங்குப் பேரவைய ஆயர் தேவைன்னு நினைச்சா வைக்கலாம். நிதிக்குழு மட்டும் கட்டாயம் இருக்கணும். உரோமையில உக்காந்து எழுதுனவரு நம்ம ஊருக்கு ஒரு நடை வந்துட்டுப் போனாரோ என்னவோ! இன்னொண்ணு, உன் பேரவைக்கு ஆலோசனை சொல்ல மட்டுந்தான் உரிமை. என்னய மாதிரி.

உள்ளதச் சொன்னா, ரெண்டு பங்கும் எப்பவோ சேந்தாச்சு. நோட்டீசு அடிக்காததால யாருக்கும் தெரியல. கொடியேத்தத்துக்கு ரேடியோ செட்டு கட்டுதவன் ஒரே ஆளு. அசனத்துக்குச் சமைக்கவன் ஒரே ஆளு. இங்க உப்புக் கூடுன வருசம் அங்கயும் கூடும். கீபோர்டு வாசிக்க பையன் இங்க ஆறு மணிப் பூசை, அங்க எட்டு மணிப் பூசை. தாளம் தப்புத இடங்கூட ஒண்ணுதான். உங்க பெரியம்மை மேலூருக்கு வாக்கப்பட்டவ. கோயில் வரிய அங்க குடுக்கா, சப்பரத்துக்கு உப்பும் மிளகும் இங்க வந்து போடுதா. நம்ம மிக்கேல் சம்மனசும் அவிய அந்தோணியாரும் மோட்சத்துல முகங்குடுத்துப் பேசுததில்லன்னு எனக்கு இதுவரைக்கும் தகவல் இல்ல.

விட்டுக் குடுக்கதுக்கு ஒரு பழைய கதை சொல்லுதேன். சவேரியார் 1542ல கடற்கரைக்கு வந்தாரு. ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளைய வச்சு செபம் சொல்லிக் குடுக்கச் சொல்லிட்டு அடுத்த ஊருக்கு நடந்தாரு. எங்க உபதேசியார் உத்தியோகத்துக்குப் பாட்டன் அந்தக் கணக்கப்பிள்ளைதான். சம்பளம் எதுல இருந்துன்னு நினைக்க? போர்ச்சுக்கல் ராணியோட மிதியடிச் செலவுக்குன்னு ஒதுக்குன 4000 பணத்துல இருந்து. கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவ மிதியடிக் காச விட்டுக் குடுத்தா. போன தவக்காலத்துல மேலூர்க்காரன் இருபது பிளாஸ்டிக் நாற்காலி இரவல் கேட்டதுக்கு நீங்க மூணு வாரம் நிதிக்குழுவக் கூட்டிப் பேசுனிய.

இப்ப வழி சொல்லுதேன், கேளு. கூட்டுத் திருவிழான்னு மட்டும் வாயத் திறக்காத; எந்தச் சப்பரம் முன்னால போகும்னு கேப்பான், தொலைஞ்ச. கூட்டுச் சிலுவைப்பாதையும் இப்போதைக்கு வேண்டாம். பதினாலு நிலைய ஆளுக்கு ஏழாப் பிரிச்சிரலாம். ஆண்டவர் உயிர் விடுத பன்னிரண்டாம் நிலை எந்தப் பங்குக்குன்னு வெட்டுக்குத்து வந்துரும்.

ரெண்டு பங்கும் சேந்து ஒரு ஐஸ் பெட்டி வாங்குங்க. ஆமா, பொணம் வைக்க பெட்டிதான். பிள்ளைகள் எல்லாம் மும்பையிலயும் துபாயிலயும் கெடக்கு. வந்து சேர ரெண்டு நாள் ஆவுது. வாடகைப் பெட்டிக்கு டவுனுக்கு ஓடுதோம். வின்சென்ட் தே பால் சபை இங்கயும் இருக்கு, அங்கயும் இருக்கு. பொறுப்ப அவிய கையில குடு. சாவி இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு. கரண்டு போனா மேலூர் ஜெனரேட்டர். பெட்டி மேல ‘உபயம்’னு ஒரு பேரும் எழுதிராதிய, எழுதுனா அன்னைக்கே காரியம் கெட்டுச்சு. அந்தப் பெட்டிக்குத்தான் முதல் மரியாதை எனக்குன்னு எவனும் முந்திக்கிட்டு வரமாட்டான். அது ஒரு வருசம் ஒழுங்கா ஓடட்டும். அடுத்தால பத்தாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு ராப்படிப்பு, கல்யாணத் தயாரிப்பு வகுப்பு எல்லாம் தன்னால வரும்.

கூட்டம் எங்க வைக்கப் போற? இங்க வச்சா அவிய வரமாட்டாவ. அங்க வச்சா நீங்க போவமாட்டிய. என் திண்ணையில வையி. காப்பி என் செலவு. கருப்பட்டிய மட்டும் மேலூர்ல இருந்து கொண்டாரச் சொல்லு.