அடுக்ககத்தில் எருமை வளர்க்க ஒரு விண்ணப்பம்

பெறுநர்: இந்தியத் தலைமைப் பதிவாளர் மற்றும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர், புது தில்லி.

பொருள்: மும்பை, கிங்ஸ் சர்க்கிள் இல்லத்தரசிகள் வேலையில் சேர விரும்புவது குறித்து.

மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் வாழும் தமிழ் இல்லத்தரசிகள் தலைமுறை தலைமுறையாகச் சும்மா இருந்துவருவதைத் தவறாமல் பதிவுசெய்துவரும் துறைக்கு அவர்தம் குடும்பத்தார் நன்றிக்கடன் பட்டுள்ளனர். பொருளாதாரப் பயனுள்ள உழைப்பே ‘வேலை’ என்று வரையறுத்த 2011 கணக்கெடுப்பு, வீட்டுக் கடமைகளை மட்டும் செய்வோரை மாணவர், ஓய்வூதியர், பிச்சையெடுப்போர் ஆகியோருடன் வேலை செய்யாதோர் பட்டியலில் சேர்த்தது. 2001ஆம் ஆண்டின் இத்தகைய பட்டியலை 2010இல் உச்ச நீதிமன்றம் கண்டித்திருந்தும் துறை தன் கொள்கையில் உறுதியாக நின்றது பாராட்டத்தக்கது.

அதே வரையறை, வீட்டுத் தேவைக்கு மட்டுமே என்றாலும் பால் உற்பத்தியை வேலையாக ஏற்கிறது. ஆகவே எருமையைக் கறப்பவர் தொழிலாளி. அந்தப் பாலைப் பொங்கவிடாமல் காய்ச்சி, டிக்காஷன் இறக்கி, மாமனாருக்குச் சர்க்கரையில்லாமலும் பேரனுக்கு ஆற்றியும் காப்பி கொடுப்பவர் வேலையற்றவர். அதே காப்பியைக் கீழே தெருவிலுள்ள ஹோட்டலில் ஒருவர் போட்டால் அது நாட்டு வருமானத்தில் சேர்ந்துவிடுவதால், குறை காப்பியில் இல்லை என்பது தெளிவு. எனவே ஆரே காலனியிலிருந்து ஆளுக்கோர் எருமை வாங்கி நான்காம் மாடிப் பால்கனியில் கட்டலாம் எனக் கருதப்படுகிறது. லிப்ட் தாங்குமா, சொசைட்டி செகரெட்டரி ஒப்புவாரா என்பவை ஐயத்திற்குரியவை. மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிளில் தேங்கும் தண்ணீர் எருமைக்கு உகந்தது என்பதில் மட்டும் ஐயமில்லை.

மைய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுகின்றனர். மகாராஷ்டிர அரசு 2024 முதல் தகுதியுள்ள பெண்களுக்கு மாதம் 1,500 ரூபாய் தருகிறதெனினும், அது குடும்ப வருமானம் பார்த்துத் தரப்படும் உதவியே தவிர, செய்த வேலைக்கான கூலியன்று.

இவ்வுழைப்புக்கு விலையே இல்லை என்று கூறிவிடவும் இயலாது. ஜாம்ஷெட்பூர் தீ விபத்து வழக்கில், 2001இல், உச்ச நீதிமன்றம் இல்லத்தரசியின் பணியை மாதம் 3,000 ரூபாய் என மதிப்பிட்டது. இன்றும் சாலை விபத்து வழக்குகளில் இத்தகைய மதிப்பீடு நடைபெறுகிறது. இம்மதிப்பீட்டின் ஒரே குறை, ஊதியம் பெற அவர் முதலில் அடிபடவோ இறக்கவோ வேண்டும் என்பதும், இறந்தால் தொகை குடும்பத்தார் கைக்கே செல்லும் என்பதும்தான்.

எனவே, லாரி மோதும்வரை காத்திராமல், உயிரோடிருக்கும்போதே அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் அத்தொகை சேர வழி திறக்கும்படியும், முதற்படியாக 2027 கணக்கெடுப்பில் அவரை வேலை செய்வோர் பட்டியலில் எழுதும்படியும் ஆணையர் அவர்கள் பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்.

இங்ஙனம்,
கிங்ஸ் சர்க்கிள் சமையலறைகள்