மிதித்தால் நிற்கும் என்னும் கருதுகோள்

உழவு டிராக்டரின் உறுப்புகளில், கெட்டுப்போன பிறகும் வேலை நிற்காமல் நடப்பதற்கு இடங்கொடுப்பது பிரேக் ஒன்றே. கிளட்ச் போனால் வண்டி நகராது, டீசல் பம்ப் போனால் என்ஜின் எழாது. பிரேக் போனாலோ டிராக்டர் முன்னைவிடத் தடையின்றி ஓடும் என்பதால், அதைப் பழுதுபார்க்கும் எண்ணம் உரிமையாளருக்கு எளிதில் எழுவதில்லை. சேற்றில் இறங்கிய வண்டிக்கு மண்ணே பிரேக்காகிவிடுகிறது. சாலையில் கியரைக் குறைத்தும், அவசரத்துக்குப் பின்னால் தொங்கும் கலப்பையைத் தரையில் இறக்கியும், நிறுத்திய பின் சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லை முட்டுக்கொடுத்தும் பல ஆண்டுகள் காலம் தள்ளப்படுகின்றன. கம்பெனி தராதபோதிலும் எல்லா டிராக்டர்களிலும் காணப்படும் உதிரிபாகம் என்ற சிறப்பு அந்தக் கல்லுக்கு உண்டு.

பழைய டிராக்டர்கள் பலவற்றில் மிதியையும் பிரேக்கையும் இணைப்பது ஓர் இரும்புக் கம்பி. அது தளர்ந்தால் நட்டை முறுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். ஹைட்ராலிக் பிரேக் அவ்வளவு எளிதில் விடாது. மூடிய கலத்திலுள்ள திரவத்தில் ஓரிடத்தில் தரப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் பாஸ்கல் வகுத்த விதியே அதன் அடிப்படை. காலால் மிதிக்கும்போது, மாஸ்டர் சிலிண்டர் எனப்படும் முதன்மை உருளைக்குள் இருக்கும் பிஸ்டன் எண்ணெயைத் தள்ள, அது குழாய் வழியே பின்சக்கரப் பக்கம் சென்று அங்குள்ள சிறு பிஸ்டனை நகர்த்த, அந்தப் பிஸ்டன் பிரேக்கை அழுத்துகிறது. எல்லாத் திசைகளிலும் என்பதில், தேய்ந்த ரப்பர் கப்பைத் தாண்டி வெளியே ஒழுகும் திசையும் அடங்கும் என்பதைக் கிராமத்து மெக்கானிக்குகள் தாமாகவே கண்டறிந்து கொண்டார்கள்.

டிராக்டருக்கு இடம், வலம் என இரண்டு பிரேக் மிதிகள் இருப்பது வயலின் தேவையால். கேஜ் வீல் எனப்படும் இரும்புச் சக்கரத்தை மாட்டிச் சேறு அடிக்கும்போது, வரப்போரத்தில் ஒரு பக்க மிதியை மட்டும் அழுத்தினால் அந்தச் சக்கரம் நிற்க, மறு சக்கரம் சுற்றிவர, வண்டி நின்ற இடத்திலேயே திரும்பிவிடும். ஓட்டுநர் எப்போதும் ஒரே பக்கம் திரும்பும் பழக்கமுள்ளவராயின், அந்தப் பக்கத்துப் பிரேக் தேய்ந்தும் மறுபக்கத்துப் பிரேக் மணப்பெண் போல அலுங்காமலும் இருக்கும். சாலைக்கு வரும்போது இரு மிதிகளையும் இணைக்கும் கொண்டியை மாட்டியாக வேண்டும். மாட்டாமல் வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி கவிழக்கூடும், அதில் நகைக்க ஒன்றுமில்லை.

நோயறிதலும் காலாலேயே நடைபெறுகிறது. மிதி பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. மிதித்த கால் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால் மாஸ்டர் சிலிண்டரின் கப் தேய்ந்திருக்கிறது. “மூணு தடவ பம்ப் பண்ணி மிதிச்சா நிக்கும்” என்று ஓட்டுநர் விளக்குவது நோயின் விவரமே, சிகிச்சை அன்று. எண்ணெய் ஊற்றுவதிலும் கவனம் வேண்டும். சில வண்டிகளுக்கு டாட் 3 போன்ற கிளைக்கால் வகைத் திரவமும் சிலவற்றுக்குக் கனிம எண்ணெயும் விதிக்கப்பட்டிருக்க, ஒன்றின் இடத்தில் மற்றொன்றை ஊற்றினால் ரப்பர் உப்பிப் பாழாகிவிடும். டாட் 3 காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சுவது. புதிதில் குறைந்தது 205 பாகையாக இருக்க வேண்டிய அதன் கொதிநிலை, ஈரமேறிய நிலையில் 140 பாகை வரை இறங்கலாம். தொடக்ககாலப் பிரேக் திரவங்களில் விளக்கெண்ணெயும் சாராயமும் கலந்திருந்தன என்பது வரலாறு. இன்று அந்த இரண்டில் எதையும் வண்டிக்கு ஊற்றத் தேவையில்லை.

மாற்ற வேண்டிய ரப்பர் கிட் உள்ளங்கையில் அடங்கும். அதை மாட்டும் வேலையும் சிறிதே. சேறும் துருவும் சேர்ந்து இறுகிய காற்றுத் திருகை, அதாவது நிப்பிளை, உடையாமல் கழற்றுவதில்தான் பொழுது போகும். ஸ்பேனர் வழுக்கி அறுகோணம் வட்டமான பிறகு ஊறவைக்க எண்ணெய், தட்டச் சுத்தியல், கடைசியாகக் குலதெய்வம் என்ற வரிசையில் உதவி கோரப்படுகிறது.

இறுதிக் கட்டமான ‘ஏர் எடுத்தல்’ இருவர் சேர்ந்து செய்ய வேண்டியது. கீழே படுத்திருப்பவர் நிப்பிளில் செருகிய ஒளிபுகும் குழாயின் மறுமுனையை எண்ணெயுள்ள பாட்டிலில் அமிழ்த்திவிட்டு “மிதி, பிடி” என்று கூவ, மேலே அமர்ந்திருக்கும் மச்சினர் மிதித்துப் பிடிக்க, நிப்பிள் திறந்து குமிழிகள் வெளியேற, நிப்பிள் மூடிய பிறகே “விடு” என்ற சொல் வரும். “விடு” வருவதற்குள் செல்போன் அடித்தால் மச்சினர் காலை எடுப்பார், வெளியேறிய காற்று குழாய் வழியே திரும்பி வரும், குடும்ப உறவில் இதுவரை பேசப்படாதவை பேசப்படும். குமிழி இல்லாமல் எண்ணெய் மட்டும் வரும்வரை இது தொடரும். இடையில் மேல் தொட்டியில் எண்ணெய் வற்றிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மாலையில் மிதி கல்போல் நிற்கிறது. டிராக்டரும் மிதித்த இடத்தில் நிற்கிறது. எண்ணெய் அழுத்தத்தை நம்பி இரவெல்லாம் வண்டியைச் சரிவில் விடக்கூடாது என்பதால், அந்தக் கல் மட்டும் வண்டியிலிருந்து இறக்கப்படுவதில்லை.