கடைமடை ரசிகர்

குடவாசல் கடைத்தெருவில் சென்னையின் எஃப்சி கால்பந்து அணிக்கு ஒரு ரசிகர் உண்டு. சி.ஆர். 1009 நெல்லை விதைத்துவிட்டு ஐந்து மாதம் பொறுமையாகக் காத்திருப்பார். மேட்டூர் தண்ணீர் கடைமடைக்கு வராவிட்டால்கூட "வரும்ப்பா, எங்க போயிடப் போவுது" என்பார். பந்து விஷயத்தில் மட்டும் நாற்று நட்ட மறுநாளே கண்டுமுதல் கேட்பார்.

2019 அக்டோபரில் கோவாவிடம் 0-3. "கோச்சை மாத்தணும்." மும்பையோடு 0-0. "இதுக்குப் பேரு ஆட்டமா?" அடுத்து ஏடிகே, பெங்களூரு. நான்கு ஆட்டம், ஒரு கோல்கூட இல்லை. மனிதர் டீயில் சர்க்கரையையே நிறுத்திவிட்டார். (டாக்டர் நிறுத்தச் சொன்னதாக வீட்டம்மா சொன்னார்.)

ஐந்தாவது ஆட்டம் ஹைதராபாத்துடன். 90 நிமிடமும் வறட்சி. கூடுதல் நிமிடங்களில் நம்மவர்கள் இரண்டு, அவர்கள் ஒன்று. மறுநாள் காலை, "நான் அப்பவே சொல்லல?" என்றார். எதை என்று கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

2015-லும் பட்டியலின் அடியில் கிடந்துதானே கோப்பை வாங்கினோம் என்றால், "அது மெட்டராசி காலம் தம்பி" என்பார். அன்றைய கோச்சான அந்த மெட்டராசியையும் அப்போது திட்டித் தீர்த்தவர்தான்.

2019 டிசம்பரில் புதிய கோச்சாக ஓவன் கோயல் வந்தார்; அணி இறுதிப் போட்டிவரை போய்விட்டது. 2020 மார்ச் 14, கொரோனாவால் ஆளில்லாத மைதானம், ஏடிகேயிடம் 1-3. டிவியை அணைத்தவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"அக்டோபர்லயே சொன்னேன், இவனுங்க தேற மாட்டானுங்கன்னு."