படகைத் தூக்கிக்கிட்டு நடக்கப் போற அப்புவுக்கு

ஏன் அப்பு, படகு மனுசனைச் சுமக்குமா, மனுசன் படகைச் சுமப்பானா? எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் படகுதான் சுமக்கணும். நீ சொல்றதைப் பார்த்தா ஒங்க மினசோட்டாவுல பாதி நேரம் மனுசன்தான் சுமப்பான் போலருக்கு. இதுக்கு ஏரோப்ளேன்ல டிக்கெட்டுப் போட்டு ஒங்கப்பனை வேற கூட்டிக்கிட்டுப் போறேங்கிறே. ஆறு மாச விசாவுல வர்ற மனுசனுக்கு இப்படியும் ஒரு யோகம்!

நீ சொன்னதை நான் சரியா வாங்கிக்கிட்டேனான்னு பாரு. கனடா எல்லையை ஒட்டி 10 லட்சம் ஏக்கருக்கு மேல காடு. பேரு பவுண்டரி வாட்டர்ஸ். அதுக்குள்ள 1,000-க்கு மேல ஏரி. பெரும்பாலான தண்ணியில மோட்டார் வைக்கப்படாது, துடுப்புத்தான். ஒரு ஏரி முடிஞ்சா அடுத்த ஏரிக்குக் காட்டுப்பாதை. அங்கே கானூங்கிற அந்தத் துடுப்புப் படகைக் கவுத்துத் தோள்ல ஏத்தி, தலையை உள்ள விட்டுக்கிட்டு நடக்கணும். அந்தத் தூரத்தை அளக்கத் தனியா ஒரு கோல் வச்சிருக்காக. ஒரு கோலுக்குப் பதினாறரை அடி. ஒரு கானூவோட நீளமும் சுமாரா அம்புட்டுத்தான். மேப்புல 80 கோல்னு போட்டிருந்தா, 1,320 அடி நடக்கணும்னு அர்த்தம். ஒரு நடையில சாமான் பூராவும் போயிச் சேராது. மறுக்கத் திரும்பி வந்து மூட்டையைத் தூக்கணும். இம்புட்டுக்கும் கூலி கிடையாது. நீதான் காசு கட்டணும்.

அந்த மண்ணுல பொறந்த ஓஜிப்வே சனங்க தூக்குனாக, வாஸ்தவம். பிர்ச் மரத்துப் பட்டையை உரிச்சு, சீடார் சட்டத்துல போர்த்தி, ஸ்ப்ரூஸ் மரத்து வேரால தைச்சு, பிசினைக் காச்சி ஓட்டையை அடைச்சுச் செஞ்ச படகு. அவுகளுக்கு அதுல சோலி இருந்துச்சு. அங்கிட்டு ஏரித் தண்ணியிலயே ஒரு காட்டு நெல்லு வெளையுதாமே? கதிரை ஒரு குச்சியால வளைச்சு, இன்னொரு குச்சியால தட்டி, கானூவுக்குள்ளயே மணியை உதுத்துக் கரைக்குக் கொண்டாருவாகளாம். படகே களமாயிருச்சு பாத்தியா? அவுக எதுக்குத் தூக்குனாகன்னு எனக்குப் புரியுது. நீ எதுக்குத் தூக்கப் போறே?

நீ எழுதி வச்ச சாமான் பட்டியலைப் பார்த்தேன். கல்யாணத்துக்குக்கூட நம்ம ஊருல இம்புட்டு நீளமாப் பட்டியல் போட மாட்டாக. குண்டு துளைக்காத சட்டைக்குப் போடுற கெவ்லார் நாருல கானூ, எடை 20 கிலோதான். நல்லது, முதுகு தப்பிச்சுச்சு. முட்டிக்குக் கீழ சிப்பைக் கழட்டுனா அரைக்கால் ஆகுற கால்சட்டை. அது எதுக்குடா? ஒங்கப்பன் வேட்டியை மடிச்சுக் கட்டுனா முடிஞ்சு போச்சு. தண்ணி சுத்தம் பண்ண ஒரு குழா, காப்பி பிழிய ஒரு குழா. மடக்கு நாற்காலி ரெண்டு. மீன் எங்க இருக்குன்னு காட்டுற டிவிப் பொட்டி ஒண்ணு. கடைசி வரியைப் படிச்சப்பத்தான் எனக்குச் சிரிப்பு அடங்கலை: "அப்பாவோட மனசு விட்டுப் பேசுறது, சாயந்திரம் 7 மணியிலேருந்து 8 மணி." ஏன் அப்பு, ஏழரைக்கு மீன் கடிச்சா என்ன பண்ணுவே? பேச்சை நிறுத்துவியா, மீனை இருக்கச் சொல்லுவியா?

இன்னொரு சேதியையும் நீதான் சொன்னே. தங்குற எடத்துல அடுப்புக்கு ஒரு இரும்புக் கம்பித் தட்டு இருக்கும், கொஞ்சம் தள்ளிக் காட்டுக்குள்ள ஒரு கக்கூஸ் இருக்கும். அதுக்குச் செவுரும் இல்ல, கூரையும் இல்ல, சும்மா ஒரு பொட்டின்னு. போன தடவை லீவுக்கு வந்தப்ப, ஒங்க தாத்தா வீட்டுக் கொல்லையில இருந்ததைப் பார்த்து மூஞ்சியைச் சுளிச்சு, எத்தனை ஆயிரம் கொட்டி ஓடு ஒட்டுன பாத்ரூம் கட்டினே? கம்மாக்கரைக்கு வெளிக்கிப் போனவுகளை என்னென்ன பேச்சுப் பேசினே? இப்ப அதுக்கு அனுமதிச் சீட்டு வாங்கிக்கிட்டுப் போறே. போ, போ. கரடி எட்டிப் பார்த்தா வெக்கப்படாதே.

அனுமதிச் சீட்டுன்னதும் சொல்றேன். மே 1-லேருந்து செப்டம்பர் 30 வரைக்கும் ராத்தங்கப் போறவுகளுக்கு அளவு வச்சிருக்காக. ஒரு கூட்டத்துல 9 பேருக்கு மேல ஆகாது, படகு 4-க்கு மேல ஆகாது. சாப்பாட்டைத் தகர டப்பா, கண்ணாடி பாட்டில்ல கொண்டுபோகக் கூடாது. இதையெல்லாம் நான் கேலி பண்ண மாட்டேன். நம்ம திருப்பத்தூர்ப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியிலயும் வேட்டங்குடிப்பட்டியிலயும் கம்மாயில கூடு கட்டுற பறவைக மெரளுமேன்னு தீவாளிக்கு ஒரு வெடி வெடிக்க மாட்டாக. சர்க்கார் 1977-ல சரணாலயம்னு போர்டு வச்சாக. போர்டைப் பார்த்தா பறவைக வந்துச்சு? அந்த ஊருப் புள்ளைக கம்பி மத்தாப்போட தீவாளியை முடிக்கிறதை நீ என்னைக்காவது போய்ப் பார்த்திருக்கியா? இருவது நிமிசப் பயணம். காட்டைக் கெடுக்காம இருக்கிறது எப்படின்னு கத்துக்க ஒனக்கு எம்புட்டுத் தூரம் போகவேண்டியிருக்கு!

ஒங்கப்பனைப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்? ஆபீசுக்குப் போனாரு, ரிட்டயர் ஆனாரு, பிரசர் மாத்திரை சாப்பிடுறாரு. எனக்கு அவனை டவுசர் காலத்துலேருந்து தெரியும். மாசி பங்குனி போயி, அறுப்பு முடிஞ்சு, கம்மாத் தண்ணி முழங்காலுக்கு எறங்குனதும் மீன்பிடித் திருவிழா சாட்டுவாக. சிங்கம்புணரி, எஸ். புதூர் பக்கமெல்லாம் இன்னைக்கும் நடக்குது. கருக்கல்லயே சுத்துப்பட்டுச் சனம் கரையில வந்து நிக்கும். ஊர்ப் பெரியவுக சாமியைக் கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசுற வரைக்கும் ஒரு கால் தண்ணியில படப்படாது. வீசினதும் பாரு, ஊரே ஒரே நேரத்துல எறங்கும். ஆளாளுக்குக் கையில கச்சா, கொசுவலை, அரிகூடை, ஊத்தா. ஒருத்தனுக்கு ஒண்ணும் கெடைக்காது, பக்கத்துல நிக்கிறவன் தூக்க முடியாமத் தூக்குவான். அன்னைக்குப் புடிச்ச மீனை விக்கப்படாது. வீட்டுக் குழம்புக்குத்தான். ஒண்ணும் கெடைக்காதவன் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போகும்.

ஊத்தான்னா என்னன்னு கேக்காதே, சொல்லிர்றேன். மூங்கில் சிம்புல கட்டுனது. அடி அகலம், மேல குறுகல், ரெண்டு பக்கமும் வாய். சேத்துல கலங்கல் எங்க ஓடுதுன்னு பார்த்து டபக்குன்னு கவுக்கணும். உள்ள மீன் முட்டுனா மூங்கில் அதிரும். மேல் வாய் வழியாக் கையை விட்டுத் துழாவணும். கெளுத்தியா இருந்தா முள்ளு ஏறும், ராத்திரி பூராக் கடுக்கும். ஒங்கப்பன் கையை விடுறதுக்கு முந்தியே சொல்லிருவான், "கெளுத்தி" "விரால்"னு. அதிர்ற விதத்துலயே கண்டுபிடிப்பான். நீ வாங்கியிருக்கிற டிவிப் பொட்டி அதைச் சொல்லுமா?

தூண்டில்லயும் அவன் கெட்டிக்காரன்தான். சோளத்தட்டையில தக்கை, நாக்குப்பூச்சியில இரை, மூங்கில் குச்சியில கம்பு. மொத்தச் செலவு நரம்புக்கும் முள்ளுக்கும் மட்டும். ஒண்ணு மட்டும் செய்ய மாட்டான். விரால் குஞ்சு பொரிச்சா, செவேல்னு ஒரு கூட்டமா மேல வந்து மூச்சு விடும். கீழ தாயும் தகப்பனும் காவல் காக்கும். அந்த நேரத்துல முன்னாடி எதை ஆட்டுனாலும் பாஞ்சு கடிக்கும். பசி இல்லடா, புள்ளைய நெனச்சு. அப்படிப்பட்டதைப் புடிச்சுட்டு வந்தவனை ஒங்கப்பன் ஊரு முன்னாடி வச்சுத் திட்டுனதை நான் பார்த்திருக்கேன். அப்ப அவனுக்கு மீசைகூட மொளைக்கலை.

நாக்குப்பூச்சின்னதும் ஞாபகம் வருது. ஒங்க சீமையில மண்புழு பகையாளியாமே? பனியுகத்துல ஐஸ் மூடிக் கெடந்த மண்ணு, அதனால அங்கிட்டுச் சொந்தப் புழுவே கிடையாது, இருக்கிறதெல்லாம் வெள்ளைக்காரன் கூட வந்தது, காட்டுச் சருகைத் தின்னு தீர்த்துச் செடி மொளைக்க விடாமப் பண்ணுதுன்னு சொன்னே. மண்புழுவை வாங்கி வயல்ல விடுங்கன்னு இங்க எங்களுக்குக் கூட்டம் போட்டுச் சொல்றாக! சரி, ஊருக்கு ஒரு ஞாயம். ஒங்கப்பன் வழக்கத்துல மிச்சப் புழுவைக் கரையில கொட்டிருவான். முன்கூட்டியே சொல்லி வையி.

புடிச்ச மீனை முத்தம் குடுத்துப் போட்டோ எடுத்துட்டு விட்டுருவேன்னு சொன்னியே, அதையும் முன்கூட்டியே சொல்லிரு. இல்லாட்டி ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு அடுத்த பிளேன்ல கெளம்பிருவான். எனக்கும் மொதல்ல கேலியாத்தான் இருந்துச்சு. தின்னாத மீனோட வாயில எதுக்கு முள்ளு? அப்புறம் யோசிச்சேன். மைசூர்ல மிருகத் தோலைப் பதம் பண்ணி வச்ச வான் இங்கன் குடும்பத்துக்காரர் ஒருத்தர் 1946-ல கபினி ஆத்துல ஒரு மகசீர் புடிச்சாரு. 120 பவுண்டு, 54 கிலோ. இன்னைக்கு அந்தக் காவிரிப் பக்கத்துக் கூன்முதுகு மகசீர் அழியப்போற மீன் பட்டியல்ல கெடக்கு. ஒங்க ஏரி மாதிரிக் குளுந்த தண்ணியில மீன் மெல்லத்தான் வளருமாம். ஆகப் பெருசை விடு, குழம்புக்கு ஆனதை எடு. மினசோட்டாவோட மாநில மீனுன்னு 1965-லயே பட்டம் கட்டி வச்சிருக்கிற அந்த வால்ஐ மீனு மசங்குற நேரத்துலதான் கடிக்குமாம். ரெண்டு கெடைச்சாப் போதும். புளி, மிளகாய்த்தூள், உரிச்ச சின்ன வெங்காயம், ஒரு டப்பா நல்லெண்ணெய், எல்லாம் பிளாஸ்டிக்குல. ஊறுகாய் பாட்டில் வேண்டாம். கருவாடு வேண்டவே வேண்டாம், கரடிக்குப் பத்திரிகை வச்ச மாதிரி ஆயிரும். சாப்பாட்டு மூட்டையைத் தரையிலேருந்து 12 அடி ஒசரத்துல, மரத்தண்டுக்கு 6 அடி தள்ளித் தொங்க விடணுமாமே? உறி கட்டுற வேலையை ஒங்கப்பன்கிட்ட விட்டுரு.

மிதவைச் சட்டையை மட்டும் அவன் என்ன சொன்னாலும் மாட்டி விடு. "நான் கம்மாயில நீச்சலடிச்சவன்டா"ம்பான். மே மாசம் வரைக்கும் பனிக்கட்டி மெதக்குற ஏரி அது. கம்மாத் தண்ணி இல்ல. ராத்திரியில லூன்ங்கிற ஒரு பறவை ஊளையிடுமாம், அதையும் சொல்லி வையி. முனி நடமாட்டம்னு விடிய விடிய முழிச்சுக் கெடப்பான்.

எல்லாத்துக்கும் மேல, ஒக்கார்ற எடம். அப்பாவை நடுவுல மூட்டைகளோட மெத்தை போட்டு ஒக்கார வைப்பேன், நான் பின்னாடி இருந்து ஓட்டுவேன்னு படம் வரைஞ்சு காட்டுனே. கானூவுல பின்னாடி இருக்கிறவன்தானே திசை வைக்கிறவன்? அங்க அவனை ஒக்கார வையி. நீ முன்னாடி போ. படகு ரெண்டு சுத்துச் சுத்தும், சுத்தட்டுமே. ஒனக்கு என்ன பஸ்ஸா போயிருச்சு?

ஆமா, அந்த ஊருல தூண்டில் போட லைசென்சு வேணும்ல? வெளியூர்க்காரனுக்குத் தனிச் சீட்டுல்ல? எடுத்துட்டியா? ஒண்ணுதானா? யாரு பேர்ல? அட கூறுகெட்ட பயலே, மொதல்ல ஒங்கப்பன் பேர்ல ஒண்ணு எடு. நீ போட்டோ எடுக்கத்தானே போறே, அதுக்குச் சீட்டு வேண்டாம்.